ஒத்திகை முடிந்து பிந்தி வரும் பிள்ளை

மார்கழி மாதத்தில் ரொறன்ரோவில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடுகிறது. நாடகத்திலோ, பாடற்குழுவிலோ, நடனத்திலோ சேர்ந்த பிள்ளை பாடசாலை விட்டபின் ஒத்திகைக்கு நின்றுவிட்டு வெளியே வரும்போது நல்ல இருட்டு. புதிதாக இந்த நாட்டுக்கு வந்து வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு தொடர்மாடியிலோ, யாரோ ஒருவருடைய வீட்டின் பேஸ்மென்ற்றிலோ குடியேறியிருக்கும் எமது குடும்பங்களில் இப்படியொரு தொலைபேசிப் பேச்சு அடிக்கடி கேட்கிறது:

"அம்மா, இண்டைக்கு றிஹேர்சல் இருக்கு. வர ஆறரையாகும்."

"ஆறரையோ? ஆரோட வாறாய்?"

"பிறெண்ட்ஸோடதான்."

"எந்தப் பிறெண்ட்ஸ்? தமிழ்ப் பிள்ளையளோ? நாடகம் ஆடித்தான் படிக்கவேணுமெண்டு ஆர் சொன்னது?"

இந்தச் சிறு பேச்சுக்குள் ஒரு தாயின் மூன்று பயங்கள் இருக்கின்றன. முதலாவது இருட்டு. இரண்டாவது, முகம் தெரியாத சிநேகிதர். மூன்றாவது, இந்தப் படிப்பால் நாளைக்கு என்ன பலன் என்பது. பயப்படுவதில் பிழை ஒன்றும் இல்லை. ஊரடங்கையும் சுற்றிவளைப்பையும் பார்த்தவர்கள் நாம். பொழுதுபட்ட பின்னும் பிள்ளை வீடு வந்து சேரவில்லை என்றால் அதன் அர்த்தம் என்ன என்பதை எமது தலைமுறைக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்தப் பயத்தை அப்படியே கட்டிக்கொண்டு வந்து, இங்கே பிள்ளையின் வாசலில் வைத்துவிடலாமா என்பதே கேள்வி. இதை ஆறுதலாக யோசித்துப் பார்ப்போம்.

பக்கத்திலேயே ஒரு கலைப் பாடசாலை

வெக்ஸ்போர்ட் என்ற பெயரே கடல் கடந்து வந்த பெயர். அயர்லாந்திலிருந்து வந்து ஸ்காபரோவில் காணி வெட்டிக் குடியேறியவர்கள் தங்கள் ஊரின் பெயரை இந்த இடத்துக்கு வைத்தார்கள். இன்று லோறன்ஸ் அவெனியூவில் விக்ரோறியா பார்க்கிலிருந்து கிழக்கே நடந்தால் அரபுக் கடைகள், கிரேக்கச் சாப்பாட்டுக் கடைகள், பிலிப்பினோக் கடைகள் என்று வரிசையாக வரும். தமிழ்க் கடைகளுக்கும் அதிக தூரம் போகத் தேவையில்லை. இந்தத் தெருவில் வளரும் பிள்ளைக்கு வகுப்பில் பக்கத்து மேசைக்காரர் தமிழராக இருப்பார் என்ற நிச்சயம் இல்லை. அப்பிள்ளையும் வேறு ஏதோ ஒரு நாட்டிலிருந்து பெட்டியோடு வந்த குடும்பத்தின் பிள்ளையாக இருக்கக்கூடும்.

இதே பகுதியில், பாமசி அவெனியூவில், 1965 இல் திறக்கப்பட்ட உயர்தரப் பாடசாலை ஒன்று இருக்கிறது. இன்று அதன் பெயர் வெக்ஸ்போர்ட் கொலிஜியற் கலைப் பாடசாலை. நாடகம், நடனம், இசை, ஓவியம், திரைப்படம் ஆகியவற்றை வழமையான பாடங்களோடு சேர்த்துப் படிப்பிக்கும் அரசாங்கப் பாடசாலை இது. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் அங்கேயும் உண்டு. கலைப் பிரிவுகளில் சேர்வதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தெரிவு செய்யும் முறை மாறிக்கொண்டு வருவது. முன்னர் பிள்ளைகளை ஆடவும் பாடவும் நடிக்கவும் வைத்துப் பார்த்துத் தெரிவு செய்தார்கள். 2022 இல் ரொறன்ரோ கல்விச்சபை அதற்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கும் முறைக்கு மாறத் தீர்மானித்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன் செய்ததைக் கேட்டுக்கொண்டு இருக்காமல், அந்தந்த ஆண்டின் விதியைப் பாடசாலையிலேயே நேரில் கேட்டு அறிவது நல்லது.

கலைப் பாடசாலைக்குப் போகாத பிள்ளைக்கும் இந்த விடயம் உண்டு. ஒன்ராறியோவில் உயர்தரப் பாடசாலைப் பட்டம் பெறுவதற்கு 30 கிறெடிற் வேண்டும். அவற்றுள் குறைந்தது 1 கலைப்பாடமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே உங்கள் பிள்ளை நாடகத்தையோ இசையையோ எடுத்தால், அவர் படிப்பை விட்டு விலகிப் போகிறார் என்று எண்ண வேண்டாம். அரசாங்கம் கேட்பதைத்தான் அவர் செய்கிறார்.

மிசிசாகாவில் ஒரு சிநேகிதி

இனி ஒரு பிள்ளையின் கதைக்கு வருவோம். பலர் பெயரளவில் அறிந்த பிள்ளைதான். மைத்ரேயி ராமகிருஷ்ணன் 2001 மார்கழியில் மிசிசாகாவில் பிறந்தவர். பெற்றோர் எம்மைப் போலவே போரினால் இலங்கையை விட்டு அகதிகளாகக் கனடாவுக்கு வந்தவர்கள். பிள்ளை படித்தது மெடோவேல் உயர்தரப் பாடசாலையில். கலைக்கென்று தனியாக அமைந்த பாடசாலைக்கு அவர் போகவில்லை. பாடசாலை நாடகங்களில் நடித்தார். அதிலிருந்துதான் நடிப்பின் மீது ஆசை பிறந்தது. யோர்க் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைக்கு இடமும் கிடைத்தது.

2019 சித்திரையில் அமெரிக்க எழுத்தாளரும் நடிகையுமான மிண்டி கேலிங், தமது புதிய தொடர் ஒன்றுக்கு இளம் தெற்காசிய நடிகை ஒருவர் தேவை, அனுபவம் இல்லாதவர்களும் முயற்சிக்கலாம் என்று ருவிற்றரில் அறிவித்தார். அந்த அறிவித்தலைக் கண்டு மைத்ரேயிக்கு அனுப்பியவர் அவருடைய சிநேகிதி. நீ செய்து பார் என்று தூண்டியவரும் அவரே. இரண்டு பேரும் தங்கள் பகுதிப் பொது நூலகத்துக்குப் போனார்கள். அங்கே வைத்து, தாயாரின் கமராவில், நடித்துக்காட்டும் படத்தை எடுத்து அனுப்பினார்கள். அப்போது மைத்ரேயிக்கு வயது 17.

விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். தெரிவானவர் இவர். 'நெவர் ஹாவ் ஐ எவர்' என்ற அந்தத் தொடர் 2020 சித்திரை 27 அன்று நெற்பிளிக்ஸில் வெளிவந்தது. 2023 வரை நான்கு பருவங்கள் ஓடியது. அமெரிக்காவில் வளரும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், தகப்பனை இழந்த துக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு பாடசாலையில் படும் பாடுதான் கதை. பதின்பருவக் காதலும் தாயோடு வாய்த்தர்க்கமும் அதில் தாராளம். சின்னப் பிள்ளைகளோடு இருந்து பார்க்குமுன் பெற்றோர் கொஞ்சம் யோசிக்கலாம். ஆயினும் தாயும் மகளும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள முடியாமல் தவிக்கும் காட்சிகளில் எமது வீடுகளின் சாயலைக் காணாமல் இருக்க முடியாது.

இந்தக் கதையைக் கேட்டதும் எமது ஆட்கள் 15,000 பேருக்குள் ஒருவர் என்ற எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நாம் அந்த நூலகத்தைக் கவனிக்கச் சொல்கிறோம். அந்த இரண்டு பிள்ளைகளிடமும் வீட்டுக் கமராவும், காசு கேட்காத ஒரு பொது இடமும், ஒருவரில் மற்றவருக்கு இருந்த நம்பிக்கையும்தான் இருந்தன. சிநேகிதி அந்த அறிவித்தலை அனுப்பாமல் விட்டிருந்தால் மைத்ரேயி அதைக் கண்டிருப்பாரோ தெரியாது. சிநேகிதம் படிப்பைக் கெடுக்கும் என்று சொல்லிப் பழகிய எமக்கு இது யோசிக்க வேண்டிய சங்கதி.

அதற்காக அவர் படிப்பைத் தூக்கி எறிந்துவிடவும் இல்லை. யோர்க் பல்கலைக்கழக இடத்தை ஒத்திவைத்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனார். பின்னர் பாடத்தை மனித உரிமைகள், சமத்துவம் பற்றிய துறைக்கு மாற்றிக்கொண்டார். வீட்டையும் பழகிய தெருவையும் விட்டு லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் வேலை செய்த காலத்தில், தன் பெயரைச் சரியாக உச்சரியுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்கவும் கற்றுக்கொண்டார். எமது பிள்ளைகளில் எத்தனை பேர் முதல்நாள் வகுப்பில் ஆசிரியர் பெயரை வாசிக்கத் தடுமாறியதும், "பரவாயில்லை, சுருக்கிக் கூப்பிடுங்கோ" என்று விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறார்கள்! மேடையில் நின்று பழகிய பிள்ளைக்கு, தன் பெயரை முழுதாகச் சொல்லிக் கொடுக்கும் துணிவும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

வீட்டுக்கு வாயாக இருக்கும் பிள்ளை

புதிதாக வந்த குடும்பத்தில் பிள்ளைதான் வீட்டின் வாய். குடிவரவுத் திணைக்களத்துக் கடிதத்தை வாசிப்பது பிள்ளை. வைத்தியரிடம் அம்மாவின் வயிற்று வலியை எடுத்துச் சொல்வது பிள்ளை. வீட்டுச் சொந்தக்காரரோடு வாடகை பற்றிக் கதைப்பதும், தொலைபேசிக் கொம்பனிக்கு அழைத்து அரை மணித்தியாலம் காத்து நிற்பதும் பிள்ளையே. பதின்மூன்று, பதினான்கு வயதில் பெரியவர்களின் கவலை முழுவதையும் இரண்டு மொழியில் சுமக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது எமக்குத் தெரியுமுன் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நல்லதாக இல்லையென்றால், அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதும் அவர்கள்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாடக ஒத்திகை என்ன கொடுக்கிறது? இரண்டு மணித்தியாலம் அவர் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அங்கே அவர் ஒரு அரசனாகவோ, கள்ளனாகவோ, ஒரு வார்த்தையும் பேசாத மரமாகவோ இருக்கலாம். பிழை விட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு "திரும்பவும் முதலிலிருந்து" என்று ஆசிரியர் சொல்வார். வைத்தியரிடம் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் அது ஆபத்து. ஒத்திகையில் பிழை விடுவது படிப்பின் ஒரு பகுதி.

ஆங்கிலம் படிப்பதற்கும் இது ஒரு நல்ல வழி. வகுப்பில் எழுந்து நின்று ஒரு வசனம் பேசக் கூச்சப்படும் பிள்ளை, எழுதித் தந்த வசனத்தை இருபது முப்பது தடவை உரக்கச் சொல்லிப் பழகும்போது நாக்கு திருந்துகிறது. எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே மூச்சு விடுவது, கோபத்தில் அதே வசனம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் இலக்கணப் புத்தகத்தில் வராது. பக்கத்தில் நிற்கும் சிறியாப் பிள்ளையும் சோமாலியப் பிள்ளையும் அதே வசனத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று காணும்போது, தனக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்ற எண்ணமும் குறைகிறது. சிநேகிதம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சங்கதியைத் தாய்மாரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பார்க்க ஒரு படம் உண்டு. 2022 இல் வந்த 'ரேர்னிங் றெட்' என்ற கார்ட்டூன் படம். கதை நடப்பது 2002 ஆம் ஆண்டு ரொறன்ரோவில். மகளின் சிநேகிதிகளை நம்பாத ஒரு சீனத் தாய், தாய்க்கு மறைத்து எல்லாம் செய்யும் பதின்மூன்று வயது மகள், அவளைக் கைவிடாத மூன்று சிநேகிதிகள் என்று போகிறது கதை. படத்தை இயக்கிய டோமி ஷீ, சீனாவில் பிறந்து சிறு வயதிலேயே பெற்றோருடன் ரொறன்ரோவுக்கு வந்தவர். அந்த மூன்று சிநேகிதிகளில் பிரியா என்ற பெண்ணுக்குக் குரல் கொடுத்திருப்பவர் எமது மைத்ரேயிதான்.

எமக்குப் புதியதா இது?

"எங்கட குடும்பத்தில் கூத்தாடிகள் ஒருத்தரும் இல்லை" என்று சிலர் சொல்வதுண்டு. எமது மண்ணைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' நடக்கிறது என்றால் விடிய விடியப் பாய் போட்டு இருந்து பார்த்த சனம் நாம். சுடலையில் அரிச்சந்திரன் நிற்கும் காட்சியில் அழாதவர் யார்? குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985 இல், போருக்கு நடுவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களால் மேடையேறியது. நாடகமும் அரங்கியலும் இன்று இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குரிய பாடம்.

கலை படிக்கக் கடல் கடப்பதும் எமக்குப் பழக்கமானதே. இணுவிலைச் சேர்ந்த ந. வீரமணி ஐயர் இளவயதில் சென்னைக்குப் போனார். ருக்மிணி தேவி 1936 இல் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் நடனம் பயின்றார். பாபநாசம் சிவனிடம் இசை கற்றார். படிக்கப் போன ஊரின் அம்மனாகிய மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது அந்த யாழ்ப்பாணத்து இளைஞர் எழுதிய 'கற்பகவல்லி' என்ற பாட்டை ரி. எம். சௌந்தரராஜன் பாடினார். இன்றும் எமது கோயில்களிலும் வீடுகளிலும் அது ஒலிக்கிறது. பாடியவரை எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் இணுவில் பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது. வேற்றூரில் படித்ததால் அவர் ஊரை மறந்தாரா? திரும்பி வந்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். நூற்றுக்கணக்கான பாடல்களை எழுதினார். 2003 இல் காலமாகும்வரை யாழ்ப்பாணத்தின் கலைஞராகவே வாழ்ந்தார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இன்று ஸ்காபரோ மண்டபங்களில் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஊரைக் கூட்டிப் பெருமையோடு விருந்து வைக்கிறோம். 1935 இல் ருக்மிணி தேவி முதன்முதலாகப் பரதநாட்டியம் ஆடியபோது, "நல்ல குடும்பத்துப் பெண் இதை ஆடுவதோ?" என்று முகம் சுளித்தவர்கள் ஏராளம். நாற்பது ஐம்பது வருடங்களுக்குள் அந்தச் சுளிப்பு மறைந்து பெருமை வந்துவிட்டது. பாடசாலை நாடகத்தைப் பார்த்து இன்று நாம் சுளிக்கும் முகமும் அப்படியே மாறக்கூடும். அதற்குள் பிள்ளையின் பாடசாலைக் காலம் முடிந்துவிடக் கூடாது என்பதே எமது கவலை.

நாளைக்குச் சோறு போடுமா?

இது நியாயமான கேள்வி. இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் தகப்பன் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? உண்மையைச் சொல்வதானால் நடிப்பை மட்டும் நம்பி வாழ்வது கடினம். அந்த 15,000 பேரில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் 'இல்லை' என்ற பதிலைத்தான் பெற்றார்கள். மைத்ரேயியின் கையிலும் பல்கலைக்கழக இடம் ஒன்று இருந்தது என்பதைப் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும்.

ஆனால் நாடகம் படித்த பிள்ளைகள் எல்லோரும் நடிகராகப் போவதில்லை. கணக்குப் படிக்கும் எல்லோரும் கணக்காளராகிறார்களா? நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துக் கதைக்க, பத்துப் பேரோடு சேர்ந்து ஒரு வேலையைக் குறித்த நாளில் முடிக்க, கேட்ட பாத்திரம் கிடைக்காதபோது கிடைத்ததை நன்றாகச் செய்ய மேடை பழக்குகிறது. இவை வைத்தியருக்கும் வேண்டும், தாதிக்கும் வேண்டும், கடை வைத்திருப்பவருக்கும் வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

வேண்டாம் என்று ஒரேயடியாக மறுப்பதற்கும், கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவதற்கும் இடையில் வழி இருக்கிறது.

முதலில் ஒத்திகை அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும், எந்த ஆசிரியர் பொறுப்பு என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஒத்திகை இல்லாத நாளில் "றிஹேர்சல்" என்று சொல்லிவிட்டு வேறெங்கும் போகவும் முடியாது.

இருட்டில் தனியே வருவதுதான் கவலை என்றால், அதே பஸ்ஸில் வரும் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வரச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் பெற்றோரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிவையுங்கள். அவர்களுக்கும் எம்மைப் போல் ஆங்கிலம் தட்டுத்தடுமாறலாம். அதனால் என்ன? "மை டோற்றர், யுவர் டோற்றர், சேம் பஸ்" என்றால் விளங்காத தாய் இந்த உலகத்தில் இல்லை. கார் உள்ளவர் ஒரு நாள் ஏற்றி வந்தால், மற்றவர் இன்னொரு நாள் சாப்பாடு கொடுத்துவிடலாம்.

சிநேகிதரை ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வீடு சின்னது, தளபாடம் இல்லை என்று கூச்சப்பட வேண்டாம். அந்தப் பிள்ளையும் அப்படியொரு வீட்டிலிருந்து வரக்கூடும். தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, பெயரைக் கேட்டு, அதைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள். எமது பெயரை மற்றவர்கள் சரியாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம் அதைச் செய்யத்தானே வேண்டும்.

பாடத் தெரிவு பற்றிப் பாடசாலை ஆலோசகரிடம் நேரில் கேளுங்கள். தமிழில் கதைக்க ஒருவர் தேவை என்றால் சந்திப்புக்கு முன்னமே சொல்லிவையுங்கள். பல பாடசாலைகளில் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவவென்றே குடியேற்றப் பணியாளர்கள் வந்து போகிறார்கள். அந்தச் சந்திப்பிலாவது உங்கள் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். தன்னைப் பற்றிய பேச்சைத் தானே மொழிபெயர்ப்பது எந்தப் பிள்ளைக்கும் சங்கடம்.

கடைசியாக, நாடகம் மேடையேறும் நாளில் போய் இருங்கள். வேலை மாற்ற முடியாவிட்டால் தாயோ தகப்பனோ ஒருவராவது, அதுவும் இயலாவிட்டால் ஒரு மாமியோ சித்தப்பாவோ போகட்டும். பேசுவது முழுக்க விளங்காமல் போகலாம். உங்கள் பிள்ளைக்கு ஒரே ஒரு வசனம் மட்டும் இருக்கலாம். திரைக்குப் பின்னால் விளக்குப் பிடிக்கும் வேலையாகக்கூட இருக்கலாம். ஆனால் மேடையில் நிற்கும் எந்தப் பிள்ளையும் இருட்டுக்குள் இருக்கும் கூட்டத்தில் முதலில் தேடுவது தன் வீட்டு முகத்தைத்தான். வீட்டுக்காக இத்தனை நாள் பேசிய பிள்ளை, அன்று ஒரு நாள் தனக்காகப் பேசுகிறது. அதைக் கேட்க நாம் போகாமல் வேறு யார் போவார்கள்?